நாலாவது கோடு

ரெண்டிலையில வந்தது.
பனி காயமுன்னம் குனிஞ்சு பாத்தா
கெக்கரி இலையெல்லாம் சல்லடை.
சல்லடைக்கு மேல
வாணிஷ் அடிச்ச மாதிரி மினுங்கிக்கொண்டு
ஒரு சிவத்த வண்டு.

வெயில் ஏறுமட்டும் அதுக்குச் சோம்பல்.
கையால பொறுக்கிச்
சவர்க்காரத் தண்ணிப் பேணிக்குள்ள போட்டன்.
முதல் நாள் நாப்பத்தொண்டு.
அடுத்த நாள் எண்ணேல்லை.
சாம்பல் தூவினன்; காத்துக் கொண்டு போச்சு.
பக்கத்துத் தறையில குகதாசன் விடியவே மருந்தடிப்பான்.
தப்பினதெல்லாம் வேலி பிரிச்சு
என்ரை பக்கம் இடம்பெயர்ந்து வரும்.
அந்தச் சொல் மனசில வந்ததுக்காக
ஒரு விடியல் சும்மா இருந்தன்.
அண்டைக்குத்தான் கூடத் தின்னுது.

சுன்னாகத்துக் கடையில பிரணவன்
போத்தலைத் திருப்பிக் காட்டினான்.
மூண்டு பாஷையில எறும்பெழுத்து.
பூ விரிஞ்சு நிக்கேக்க அடியாதேங்கோ,
தேனீ கூட்டுக்குப் போன பிறகு அடியுங்கோ.
பதினாறு லீட்டருக்கு மூடியில இந்தக் கோடுமட்டும்;
கூட ஊத்தினா வண்டு ரெண்டுதரம் சாகாது.
அடிச்சு ஏழு நாளைக்குக் காய் பறியாதேங்கோ.
மருந்து எண்டு அவன் சொன்னான்,
மருந்து எண்டு நானும் சொன்னன்.
நஞ்சு எண்டு எழுதிக்கிடந்ததை
ரெண்டு பேரும் வாய்விட்டு வாசிக்கேல்லை.

செவ்வாய் பின்னேரம் அடிச்சன்.
காத்துக்கு முதுகு குடுத்து,
மூக்கில பழஞ்சீலை,
அவற்றை நீளக் காற்சட்டையை அரையில கயித்தால கட்டி.
முடிய, மிசின் கொட்டில் சுவரில
வெண்கட்டியால ஒரு கோடு.
விடிய விடிய இன்னொண்டு.

கிணத்தை எட்டிப் பாக்கேல்லை.
குப்பிழான் செம்பாட்டுக்குக் கீழ சுண்ணக்கல்.
கல்லு முழுக்க ஓட்டை,
வண்டு திண்ட இலையைப் போல.

வெள்ளி. நாலு கோடு.
காய்க்குக் கலண்டர் தெரியாது,
ஒரு ராவில விரல்மொத்தம் பருக்கும்.
யேசுரட்ணம் லான்ட்மாஸ்டரோட வந்தார்.
"சந்தையில காயில்லை அக்கா.
இண்டைக்குக் கிலோ நூற்றெண்பது.
திங்கக்கிழமை தம்புள்ளைச் சாமான் இறங்கினா
எண்பதுக்கும் ஒருத்தனும் தொடான்."
அடைவில கிடக்கிற காப்பு ரெண்டும்
காதுக்குள்ள கிலுங்கிச்சு.

பறிச்சன். மூண்டு சாக்கு.
தராசில ஏத்தமுன்னம்
அவர் ஒரு காயை எடுத்து
சாரத்தில துடைச்சு
வாயில வைக்கப் போக,
என்ரை கை போய்த் தட்டிவிட்டிட்டுது.

கேட்டுச் செய்யேல்லை அந்தக் கை.
காய் வாய்க்காலுக்குள்ள விழுந்து
மெதுவா உருண்டு உருண்டு போச்சு.
ரெண்டு பேரும் அதையே பாத்துக்கொண்டு நிண்டம்.
பிறகு அவர் சுவரைப் பாத்தார்.
உதடு அசைய எண்ணினார்.
முப்பது வருசம் காய் வாங்கின மனிசன்,
விளக்கம் தேவையில்லை.

"அப்ப நூற்றைம்பது போடுவம்" எண்டார்.

முப்பது ரூபாய்.
என்ரை கைக்குத் தெரிஞ்சதுக்கு
அவர் வைச்ச விலை.

பறிச்ச காயைத் திரும்பக் கொடியில கட்டேலாது.
மாட்டுக்கும் போடேலாது.
கிடங்கு வெட்டி, ஒவ்வொரு சாக்கா அவிட்டுக் கொட்டினன்.
நல்லவள் எண்டு நினைச்சுக் கொட்டேல்லை;
கோபத்திலதான் கொட்டினன்,
ஆரில எண்டு இப்பவும் தெரியாது.

மூண்டாஞ் சாக்குக் கொட்டேக்க
லான்ட்மாஸ்டர்ச் சத்தம்
குகதாசன்ரை படலையில போய் நிண்டது.
அவன்ரை கொட்டில் சுவரில
கோடு இல்லை.