விலைப் பத்தி

மூன்றாம் பேரேட்டில்தான் அந்தப் பத்தி காணாமல் போகிறது.

அதுவரை இருந்தது:
பெயர், வயது, விலை.
சடைச்சி, பத்தொன்பது, ஒன்பது ரூபாய்.
அவள் தம்பி கருவண்டான், பல் நல்லது, பதினொன்று.
மிளகுக்கொடிக் கணக்குக்கும்
மட்டக்குதிரையின் லாடச் செலவுக்கும் நடுவில்.

ஏற்காட்டில் இந்தப் பங்களாவை ஓட்டலாக்கப் போகிறார்கள்.
பழைய காகிதங்களை ஸ்கேன் பண்ண
பக்கத்துக்கு இரண்டு ரூபாய் எனக்கு.
ஜன்னலில் பனி. சில்வர் ஓக் பாதிதான் தெரிகிறது.

நாற்பத்து மூன்றில் சட்டம் வந்தது.
ஆள் இனி ஆஸ்தி இல்லை.
கணக்கர் ரூல்தடி வைத்து
விலைப் பத்தியின்மேல் கோடு இழுத்திருக்கிறார்,
ஒரு பொட்டு மை சிந்தாமல்.

அடுத்த பக்கம், அதே சடைச்சி.
தலைப்பு: முன்பணம்.
ஒன்பது ரூபாய்.

இதைச் சொல்ல வரவில்லை நான்.

விலை இருந்த காலத்தில்
கருவண்டான் துரையின் அறைக்குள்ளேயே படுத்தான்,
கணப்பில் விறகு தள்ள.
சடைச்சி துரைசாணியின் மெத்தையில் உட்கார்ந்து
துரையின் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.
யாரும் தூரம் அளக்கவில்லை.
நாற்காலிக்கு எவன் வேலி போடுவான்?

விலை போன பிறகுதான் செலவில் ஏறுகின்றன
ஆனைக்கற்றாழைக் கன்று, முந்நூறு.
லயன் வீடுகளை ஓடைக்கு அந்தப் பக்கம் மாற்ற வண்டிக்கூலி.
மாதாகோயிலுக்குப் பின்வாசல் (தச்சன் இரண்டு நாள் வரவில்லை, பிடித்தம்).
கிளப் வாசலுக்கு ஒரு பலகை; எழுதியவனுக்கு எட்டணா.
என்ன எழுதினான் என்று கணக்கில் இல்லை.
பிறகு, கல்லறைத் தோட்டத்துக்கு நடுச்சுவர்:
சுண்ணாம்பு, பதினாறு மூட்டை.

நடுவில் செருகிய ஒரு மனு.
கூலியாட்கள் குடிக்கும் தொட்டியில்
தானும் குடிக்க நேர்வதாகவும்
தனக்கென்று வேறு தொட்டி வேண்டுமென்றும்
கணக்கர் கேட்டிருக்கிறார்.
துரை சம்மதித்து ஒப்பமிட்டிருக்கிறார்.
அழகான கையெழுத்து.
எங்கள் வீட்டுப் பத்திரங்களில் இருக்கும்
அதே வால் சுழித்த ழகரம்.

விளக்கு ஒருமுறை போய் வந்தது.
படம் சரியாக விழவில்லை. மறுபடி வைத்தேன்.

சடைச்சி தற்குறி.
பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி,
பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.
அறுபத்தெட்டு வரை அந்தக் கிழிசல் வருகிறது,
ஒன்பது ரூபாய் பதினேழாகி.
சுவருக்கு எந்தப் பக்கம் புதைத்தார்கள் என்று
எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

மூன்று மணிக்கு டீ.
பின்வழியாப் போங்க, என்றார் சமையல்காரர்,
முன்னால் கல் பதிக்கிறார்களாம்.
ஓடை வற்றிக் கிடந்தது.
கரையில் ஆனைக்கற்றாழை
இரண்டாள் உயரத்துக்குப் பூத்தண்டு விட்டிருந்தது.
பூத்தால் பட்டுவிடும் என்றார் அவர்.

அடியில் பக்கக்கன்றுகள்,
எண்ணவில்லை.