சிலருக்கு

இரவு பதினொன்றரை. நாலாம் பக்கம் இன்னும் மூடவில்லை.
மாதகல் கரையில் இரண்டு சாக்கு,
எழுபத்து மூன்று கிலோ, கைவிடப்பட்ட நிலையில்.
படம் வரவில்லை.
வராவிட்டால் என்ன,
கணினியில் ஒரு படம் கிடக்கிறது:
மண்ணிற நாடா சுற்றிய பொதிகள்,
பின்னால் தலை வெட்டுப்பட்ட இரண்டு சீருடை.
பருத்தித்துறைக்கு அதைத்தான் போட்டேன்,
தாளையடிக்கும் அதுதான்,
பாடசாலைக் கருத்தரங்கு ஒன்றுக்கும் ஒருமுறை.
அந்தப் பொதிகளை எரித்து ஆறு வருடம் இருக்கும்.
என் பக்கத்தில் அவை
வாரம் இருமுறை பிடிபடுகின்றன.

‘கேரள’ என்று தட்டினால் போதும்,
மிச்சத்தைக் கணினியே எழுதிவிடும்.

போன மாதம் தெல்லிப்பழையிலிருந்து
டொக்டர் உமாசுதன் எழுதி அனுப்பியிருந்தார்:
பதின்ம வயதில் தொடங்கி நாள்தோறும் புகைக்கும் சிலருக்கு,
அதிலும் குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்கும் இருந்தால்,
மனநோய் வரும் வாய்ப்புக் கூடலாம்.
எனக்குக் கிடைத்த இடம் ஐந்து வரி.
‘சிலருக்கு’ என்பதை எடுத்தேன்.
‘கூடலாம்’ என்பதன் வாலை நறுக்கினேன்.
தலைப்பு ஒரே வரியில் அழகாக நின்றது:
கஞ்சா புகைத்தால் பைத்தியம்.

அவர் கோபப்படவில்லை. தொலைபேசியில்
கொஞ்சநேரம் இருமினார்.
“பைத்தியம் எண்டு போட்டா
ஆர் தங்கச்சி கிளினிக்குக்கு வருவான்?
வர இருந்தவனும் வரமாட்டான்.”

ஸ்காபரோவில் என் மச்சான்
முதுகு நோவுக்குப் பற்றுச்சீட்டோடு வாங்குகிறான்.
வரியும் கட்டுகிறானாம்.
கண்ணாடிக் கடையைப் படமெடுத்து அனுப்பினான்,
நகைக்கடை மாதிரி வெளிச்சம்.
“இது மூலிகையடி. ஒரு கேடும் இல்லை.
உங்கட பேப்பர் இன்னும் எந்தக் காலத்தில?”
யோசித்துப் பார்த்தேன்.
அவனும் அதே சொல்லைத்தான் வெட்டியிருக்கிறான்,
மற்றப் பக்கத்தால்.

750 மினிபஸ்ஸில், சாரதியின் தலைக்கு மேல்,
ஒரு நகைச்சுவை நடிகர் இழுத்து ஊதி
வானத்தில் நடந்தார்.
திரையின் மூலையில் எச்சரிக்கை எறும்பு ஊர்ந்தது.
அச்சுவேலியில் ஏறிய ஆசிரியைகூடச் சிரித்தார்.
அவர் மடியில்
என் நாலாம் பக்கம், மடித்தபடி.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார்.
பாஷையூர், பிலோமினா.
கையில் ஒரு மீன்வாசப் பை,
பைக்குள் மூன்று நாள் பழைய பத்திரிகை:
கஞ்சா போதையில் தாயைத் தாக்கிய இளைஞன்.
கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

“அவன் அடிக்கேல்லை பிள்ளை.
ஃபானுக்குள்ள ஆரோ இருக்கினம் எண்டு
என்னைப் பிடிச்சு இழுத்தவன். விழுந்திட்டன்.”
நெற்றியில் மூன்று தையல்.
“புகைச்சவன்தான். இல்லையெண்டு சொல்லேல்லை.
ஆனா சத்தம் கேக்குது எண்டு சொன்னது
அதுக்கு முன்னமோ பிறகோ,
பெத்த எனக்கே தெரியாது.
உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

மின்விசிறி எங்கள் இருவருக்கும் மேலே
சுற்றிக்கொண்டிருந்தது.
அவர் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

ஆசிரியர், திருத்தம் ஒன்று போடு,
பதினோராம் பக்கம், கீழ் மூலை, என்றார்.
நான் மரண அறிவித்தல்களுக்கு நடுவே வைத்தேன்.
யாழ்ப்பாணம் முதலில் திறக்கும் பக்கம் அதுதானே.
இரண்டு மணிக்கு ஒரு முப்பத்தோராம் நாள் வந்தது,
காசு கட்டிய அறிவித்தல்.
திருத்தம் விழுந்துபோனது.

இன்று மாதகல்.
எழுபத்து மூன்று கிலோ என்று எழுதிவிட்டேன்.
யாரும் கைதாகவில்லை என்று எழுதிவிட்டேன்.
அந்தப் பழைய படத்தை இழுத்து வைத்தேன்,
எடுத்தேன். திரும்ப வைத்து, எடுத்தேன்.
பக்கத்தில் நாலு அங்குல வெள்ளை.

கீழே இயந்திரம் சூடாகிவிட்டது.
விளம்பரப் பகுதிச் சுகந்தன் எட்டிப் பார்க்கிறார்:
“உதில பேக்கரி விளம்பரம் ஒண்டு கொள்ளும். போடவோ?”

போடுங்கோ, என்றேன்.