நார்மல்

கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயிலைத் தோள்கொடுத்து நிறுத்தியவள்
எங்கள் பிளாக்கில் நாலாம் மாடிக்குப்
படியேறித்தான் வருவாள்.
அவள் கையில் ரெண்டு குடம்
என் கையில் ஒன்று, அதுவும் பாதி.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று
மூச்சு வாங்குவாள்.
"இருடி, முடில."
எனக்காக வாங்கிய மூச்சு அது.
ஏழு வயதிலேயே தெரியும்.
தெரியாத மாதிரி நானும் நிற்பேன்.

பேப்பரில் அவளுக்கு ஒரு பட்டம் போட்டார்கள்.
காசிமேட்டில் வேறொன்று.
ரேஷன் கார்டில் டெய்சிராணி, க/பெ ஏகாம்பரம்.
எனக்கு எல்லா இடத்திலும் ஒரே பேர்:
அவ பொண்ணு.

பி.டி. மாஸ்டர் என்னைக் கேட்காமலே
உயரம் தாண்டுதலுக்குப் பேர் கொடுத்தார்.
ஓடினேன். கம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
விழுந்த பிறகும் யாரும் சிரிக்கவில்லை.
அதுதான் மோசம்.
இனிமேல்தான் எழும்புவேன் என்று
பள்ளிக்கூடமே காத்திருந்தது.

ஒரே ஒருமுறை
முதுகில் ஏற்றிக்கொண்டு போனாள்.
ராயபுரம் பாலம் வரைக்கும் சரி.
துறைமுகத்துக்கு மேலே
கண்டெய்னர்கள் தீப்பெட்டி ஆனதும்
அவள் கழுத்திலேயே வாந்தி எடுத்தேன்.
"அவ்ளோதான், அவ்ளோதான்" என்று இறங்கி
பைப்பில் கழுவிவிட்டு
கடைசி பஸ்ஸில் கூட்டிவந்தாள்.
அவளுக்கு முழு டிக்கெட்
எனக்கு அரை.

அந்த நீல உடுப்பை
நைனாதான் துவைப்பார்.
எங்கே போயிருந்தாள் என்று
வாளியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.
சாம்பல் கரைந்தால் எண்ணூர்.
எண்ணெய் மிதந்தால் மணலி.
தண்ணீர் சிவந்த அன்று மட்டும்
ஒன்றும் சொல்லாமல் சாக்கடையில் ஊற்றினார்.

பெருமழை வருஷம்
வியாசர்பாடியில் நூற்று நாற்பது பேர்
ஒரு கன்றுக்குட்டி
யாரோ ஒருத்தியின் தையல் மிஷின்.
எங்களிடம் கடைசியாக வந்தாள்.
மொட்டைமாடியில் ஒரே தார்ப்பாய்க்குள்
நானும் நைனாவும்.
"நீங்க மேல இருப்பீங்கன்னு தெரியும்" என்றாள்.
தெரிந்துதான் இருந்தது. சரிதான்.
தண்ணீர் வடிந்தும் நான் பேசவில்லை.
பீச் ஸ்டேஷன் அத்தோ வாங்கிவந்து
பக்கத்தில் வைத்தாள்.
நைனா சாப்பிட்டார்.

அதற்கும் முன்னால், ஒன்பது வயதில்
ஸ்டான்லிக்கு இட்டுக்கொண்டு போனார்கள்.
ரத்தம், எக்ஸ்ரே,
ஓடு, நில், மூச்சை அடக்கு.
டெல்லியிலிருந்து வந்த ரெண்டு பேர்
என் தோள்பட்டையைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள்.
கடைசியில் டாக்டர்
ஒரே வார்த்தை எழுதினார்.
நான் அழுதேன்.
அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஏமாந்துபோய்விட்டாள் என்று
இருபது வருஷம் நினைத்திருந்தேன்.

போன மாசம் ஆதார் நகல் தேடி
பீரோவைக் கலைத்தபோது
அவள் கல்யாணப் புடவைக்கு அடியில்
லேமினேட் செய்த ஒரு தாள்.
ஏ. மெர்சிகலா, பெண், 9.
நார்மல்.
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்
நாலு மூலையிலும்
மஞ்சள் தடவி வைத்திருந்தாள்.

எடுத்த மாதிரியே மடித்து வைத்தேன்.
கேட்கவில்லை.

லிஃப்ட் இன்னும் வரவில்லை.
குடம் போய் கேன் வந்திருக்கிறது.
நேற்று மூன்றாம் மாடித் திருப்பத்தில்
நின்றாள்.
அறுபத்திரண்டு வயது மூச்சு
நிஜமா, எனக்காகவா,
கண்டுபிடிக்க முடியவில்லை.
அப்போது பேசின் பிரிட்ஜ் பக்கம்
ஆம்புலன்ஸ், ஒன்றல்ல, வரிசையாக.
அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.
குதிகால் மட்டும்
படியைவிட்டு ஒரு விரல் எழும்பியிருந்தது.

"குடு அத்த. போய்ட்டு வா" என்றேன்.

மூன்று கேன்.
ஒவ்வொன்றாகத்தான் ஏற்றினேன்.