எண்பத்து நான்கு

நான் சுமப்பது ஓர் அளவுப் பலகை.
மடகாஸ்கர் மேட்டுநிலத்தில், பெத்தாஃபோ பக்கத்து நாய்களும்
இப்போது அதைப் பார்த்துக் குரைப்பதில்லை.

மூன்று வயது மியாலி நிமிர்ந்து நிற்கிறாள்,
குதிகால் பலகையில் ஒட்ட, பார்வை நேரே.
எண்பத்து நான்கு சென்டிமீட்டர்.
மறுபடி அளந்தேன். எண்பத்து நான்குதான்.

"பட்டினியா போட்டேன்?"
பரண் நெல்லைக் காட்டினாள் நொயெலின்.
முற்றத்தில் தலைநகர் லாரிக்குக் காத்திருந்தன கேரட் மூட்டைகள்.
மாடும் கறக்கிறது.
"தின்றதெல்லாம் எங்கே போகிறது?"

கோழிகள் அடையும் கீழறையைப் பார்த்தேன்.
அங்கே தவழ்ந்த கைக்குழந்தை
கிடைத்ததை எடுத்து வாயில் வைத்தான்.
குடலுக்குள் ஓயாத சண்டை;
சோறு எலும்புக்குப் போகாமல்
சண்டைக்குப் படியளக்கிறது.

ஞாயிறு வழிபாடு முடிந்து கூட்டம்.
சோளக்காட்டோரம் புதிதாய்க் கிடந்ததில்
என் முடி ஒன்றைத் தொட்டு
தெளிந்த தண்ணீரில் முக்கி நீட்டினேன்.
குடியுங்கள்.
ஒரு கையும் நீளவில்லை.
"ஈக்கு எத்தனை கால்?"
ஆறு என்றான் பள்ளிக்கூடத்துப் பையன்.
சொன்ன பிறகுதான் அவனுக்குக் குமட்டியது.

ரைனிவெலு எழுந்தார்.
மண்ணுக்குள் முன்னோர் இருக்கிறார்கள்,
அவர்கள் மேல் மலத்தை இறக்குவது விலக்கு.
கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது.
எனக்கும் என் அப்பாவின் கல்லறை நினைவில் வந்தது.

நொயெலின் உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"அவர்கள் கல்வீட்டில்
பட்டுச் சுற்றிச் சுத்தமாகப் படுத்திருக்கிறார்கள்.
மழை வந்தால் இதில் மிதப்பது நாம்."

கல்லறைக்கும் ஊற்றுக்கும் எட்டாத மேற்குச் சரிவைக்
கோபம் தணியாமலே காட்டினார் ரைனிவெலு.
முதல் குழி மழையில் சரிந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதற்குச் சூளைக்காரன் உடைந்த செங்கல் தந்தான்,
காசும் வாங்கிக்கொண்டான்.
கோழிக்கு வெளியே மூங்கில் கூடு;
இரண்டைத் திருடன் கொண்டுபோனான்,
திட்டு எனக்கு விழுந்தது.
முளையில் தொங்கும் மஞ்சள் எண்ணெய் டப்பா
கயிற்றை மிதித்தால் குனிந்து நீர் வார்க்கிறது.

அடுத்த நவம்பர்.
மியாலி தானாகவே பலகையில் வந்து நின்றாள்.
அவளுக்கு நாங்கள் பிந்திவிட்டோம்.
அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது,
அல்லது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தம்பியைப் படுக்கவைத்து அளக்க வேண்டும்.
உதைக்கிறான்,
ஒரு முழங்காலை அமுக்கினால் மற்றது மடங்குகிறது.
"வந்து பிடியுங்கள்" என்கிறேன்.
"இரு" என்கிறாள்.
கயிறு இழுபடும் ஓசை.
எண்ணை இன்னும் படிக்கவில்லை.
ஈரக் கையோடு ஓடி வருகிறாள்.