ஐந்து மைக்ரான்

மெஹியோனெஸ் விரிகுடாவில்
கடல் மூன்று நாளாய்த்
தேநீர் நிறம்.
பாசி பூத்திருக்கிறது என்றார்கள்.
பூத்தல் என்ற சொல்லுக்கு
இப்படியொரு நாற்றம் இருக்குமென்று
நெவென்கா நினைத்ததில்லை.

இரவு இரண்டு பத்து.
நான்காம் கலத்தின் முன்னும் பின்னும்
இரண்டு அழுத்தமானிகள்.
சேர்ந்தே நிற்க வேண்டிய முள்கள்
ஊடல் கொண்டாற்போல் விலகுகின்றன:
காலையில் அரை பார்,
இப்போது ஒன்றரை.

உள்ளே நூற்று நாற்பது வடிகட்டிகள்,
நூல் சுற்றிய மெழுகுவத்திகள்,
எரியத் தெரியாமல்
நின்றபடி நனைபவை.
ஐந்து மைக்ரானுக்குப் பெரிதான எதுவும்
தாண்டக் கூடாது.
அவ்வளவுதான் வேலை.
அதற்கப்பால் சவ்வுகள்;
விலை கேட்டால் குரல் தாழ்த்திச் சொல்வார்கள்.
சவ்வுகளுக்கும் அப்பால், மலைமேல்,
உப்பில்லாத தண்ணீருக்குக் காத்திருக்கும்
செம்புச் சுரங்கம்.

தொலைபேசியில் மேலாளர்:
பைபாஸைத் திற.
இரண்டே மணி நேரம்.
சுரங்கம் நிற்கக் கூடாது.

சிவப்புச் சக்கரம்
கைக்கெட்டும் தூரத்தில்தான்.
போன வருடம் எலெயுத்தேரியோ திறந்தான்.
அதுவும் இரண்டே மணி நேரம்தான்.
சவ்வுகள் செத்த பிறகு
விசாரணைத் தாளில்
திறக்கச் சொன்ன வாயின் பெயர் இல்லை,
திறந்த கையின் பெயர் இருந்தது.

"எழுத்தில் அனுப்புங்கள்" என்றாள்.
மறுமுனையில்
பம்புகளின் இரைச்சல் எட்டாத
ஒரு வீட்டின் அமைதி.
பிறகு: சரி, மாற்றித் தொலை.

கலத்தை நிறுத்தி, வடித்து,
மூடியின் பதினாறு போல்ட்டுகளையும் கழற்றினாள்.
வெள்ளையாய் உள்ளே போனவை
பழுப்பாய் வந்தன, கொழகொழப்பாய்,
ஈரக் கம்பளிபோல் கனத்து.
கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் கூடி
கண்ணுக்குத் தெரிந்தன.

தமிழில் ஒரு வசை உண்டு, பன்னாடை:
நெய்யை ஒழுகவிட்டுக்
கசடைப் பிடித்துக்கொள்பவன்.
நெவென்காவுக்கு அந்தச் சொல் தெரியாது.
தெரிந்திருந்தால் கேட்டிருப்பாள்,
கசடை யாராவது
பிடித்துக்கொள்ள வேண்டாமா?

புதியவற்றைச் செருகி முடித்தபோது
ஜன்னலில் சாம்பல் வெளிச்சம்.
கலம் ஒரு முறை இருமி, நிரம்பியது.
முள்கள் இரண்டும்
கிட்டத்தட்ட ஒட்டி நின்றன.
பதிவேட்டில் எழுதினாள்:
கலம் நான்கு. மாற்றியவை நூற்று நாற்பது.
நிறுத்தம் இரண்டு மணி ஐந்து நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
கடல் என்று எழுதி, அடித்துவிட்டு,
வழக்கமான பராமரிப்பு என்றாள்.

வீட்டில் இரண்டு முறை சோப்புப் போட்டும்
வலது கை நகங்களுக்குள் பழுப்பு.
ரொட்டியை
இடது கையால் பிய்த்தாள்.