ஈறு பார்க்கும் விளக்கு

நரின் சந்தையில் என் கடை
ஒரு கப்பல் சரக்குப் பெட்டி.
கடலுக்கும் எங்களுக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை,
ஆனாலும் பெட்டி வந்து சேர்ந்துவிட்டது.
பிப்ரவரியில் அதன் இரும்பைத் தொட்டால்
விரல் ஒட்டிக்கொள்ளும்.

விற்பதெல்லாம் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்.
பனியின் மேல் பனியைக் கொட்டியது போல ஒரு வெள்ளை.
லாரிக்காரர்கள் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்கள்,
எதிர்க்கடைக்காரர் திட்டுவார்,
காசு கைமாறும்.
வெளுத்ததெல்லாம் பால்.
நானும் மறுத்துப் பேசுவதில்லை,
அடுப்புக்கு நிலக்கரி வேண்டும்.

சாய்ராகுல் வந்தபோது மணி மூன்றரை.
விரலிடுக்கில் அயோடின் கறை.
அட்-பாஷி பக்கத்து மந்தைகளுக்கெல்லாம்
அவள்தான் மருத்துவர்.
எத்தனை லூமன், எத்தனை மீட்டர் போகும்,
எதுவும் கேட்கவில்லை.
"கண்ணாடி இருக்கிறதா?" என்றாள்.

மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி
தன் ஈறையே பார்த்துக்கொண்டாள்,
முதல் விளக்கில்.
"இதில் நான் செத்து அரைமணி நேரம் ஆகிறது."

அடுத்ததைக் கையில் எடுத்தபடியே சொன்னாள்:
போன மார்ச், இரவு இரண்டு மணி, மின்சாரம் இல்லை.
ஈன்ற ஈரம் காயாத குட்டி,
வாயைத் திறந்தால் நாக்கு நீலம் பாரித்திருந்தது.
அதை விட்டுவிட்டு
இரட்டையில் மற்றதைப் பார்க்கப் போனாள்.
அதன் நாக்கும் நீலம்.
தாயின் நாக்கும் நீலம்.
அப்புறம்தான் விளக்கின் மேல் சந்தேகம் வந்தது.
திரும்பி வந்தபோது
முதல் குட்டி வைக்கோலில் விறைத்திருந்தது.

இரண்டாயிரத்து எழுநூறைக் கொடுத்தேன்.
"இதில் ஊருக்கே காமாலை."
நாலாயிரத்தில் இரண்டு கொடுத்தேன்.
அட்டையில் ஒரே எண், ஒரே விலை.
ஒன்றிலிருந்து குளத்துப் பாசி போல்
பச்சை மெல்லக் கசிந்தது.
மற்றது ரோஜாச் சாயல்,
தகரச் சுவரையும் கொஞ்சம் வெட்கப்பட வைப்பது.
கடையில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அவள் அதில் ஈறு பார்த்தாள்,
கீழிமையை இழுத்து உள்பக்கம் பார்த்தாள்,
நகத்தை அழுத்திவிட்டு
ரத்தம் திரும்பும் வரை எண்ணினாள்.
"அழகாக இருக்கிறேன். வேண்டாம்.
பச்சை, இருப்பதைப் போய்விட்டது என்கிறது.
இது, போனதை இருக்கிறது என்கிறது.
இதை நம்பினால் விடியும்வரை
ஒரு செத்த குட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்."

இழுப்பறையில் என் சொந்த விளக்கு இருந்தது.
உறையெல்லாம் கீறல்.
சில்லு மட்டும் நானே பற்றவைத்து மாற்றியது:
நாலாயிரத்து ஐந்நூறு,
எந்தப் பக்கமும் சாயாதது,
மற்றவற்றில் பாதி வெளிச்சம்கூட வராது.
அதன் கீழே சிவப்பு சிவப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

பார்த்தாள். கண்ணாடியைக் குப்புற வைத்தாள்.
"எனக்கு ரத்தம் குறைவு" என்றாள்,
விலை கேட்கிற குரலில்.
எண்ணூறு சோம் வாங்கிக்கொண்டேன்.

அன்றிரவு அந்த ரோஜா விளக்கை
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன்.
ஜிபேக், பிஷ்கெக் மருத்துவமனையிலிருந்து வந்து
பத்தொன்பது நாள்.
எட்டு மணிக்கு வழக்கம்போல் மின்சாரம் போயிற்று.
விளக்கை மேசைமேல் நிறுத்தி
கூரையைப் பார்த்து எரியவிட்டேன்.
ரொட்டி, தேநீர், அவள் தொடாத கறி.
கொஞ்சம் பொறுத்துத்தான்
அவள் முகத்தைப் பார்க்க நிமிர்ந்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்றைக்கு உன் முகத்தில் களை இருக்கிறது.
தூங்கினாயா?"

தூங்கினேன் என்றேன்.