பதினாலாம் நம்பர் படம்

வெசாக் லீவு, மருந்துக்கடை பூட்டு.
கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாய் வந்து இறங்குகிறார்கள்
எங்கள் ஊரைப் பார்க்க.
"நாங்களும் ஒருக்காப் பார்ப்பமே" என்றாள் றிஸ்மினா.
பதினொரு வருடமாய்
வேலைக்குப் போகிற வழியில் மட்டும் பார்த்த ஊர்.

கச்சான் காற்று
மண்ணை அள்ளிக் கண்ணுக்குள் போட்டது.
கச்சான் வறுக்கிற மனிதர்
அடுப்புக்கு மட்டை மறைப்புக் கட்டியிருந்தார்.
பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான்;
ஒன்று மற்றதை அணைக்கப் பார்க்கிறது.

கோட்டை வாசலில் மான்கள்
கடைசி பஸ்ஸை விட்டவர்கள் மாதிரி நின்றன.
அவற்றோடு படம் எடுத்தோம்.
வெட்கமாய் இருந்தது,
சொந்த வீட்டுக் கண்ணாடியில்
விருந்தாளியாய்த் தலைசீவுவது போல.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி.
நுழைவு இலவசம், ஃபேனும் உண்டு.
ஃபேனுக்காகத்தான் போனோம்.
கடல். கடல். இன்னொரு கடல்.
கோணேசர் மலையில் அந்தி.
பிறகு பதினாலாம் நம்பர்:
பஸ் நிலையம், உச்சி வெயில்,
கொய்யாக்காயின் மேல் மிளகாய்த்தூள்,
நிலாவெளி பஸ்ஸின் பின்கண்ணாடியில் தூசி,
ஓரத்தில் குடைபிடித்த ஒரு பொம்பிளை.
முகம் இல்லை.
இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து
வலது பாதத்தின்மேல் வைத்திருக்கிறாள்.

"அடியே, இது நீ!"

அப்படி நிற்பேன் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
ஆனால் குடை சிவப்பு.
என்னுடையது நீலம், ஒரு கம்பி முறிந்தது,
இருமல் பாணியின் பெயர் எழுதி
மருந்துக் கம்பனி சும்மா தந்தது.

விலை நாற்பத்தையாயிரம் என்று ஒட்டியிருந்தது.
மாதம் முழுக்க நின்று உழைத்தால் எனக்கு முப்பத்தெட்டு.
சும்மா நின்றதற்கு
நாற்பத்தைந்து.

கீறினவன் மூலையில் பணிஸ் தின்றுகொண்டிருந்தான்,
சாம்பல்தீவுப் பொடியன், லோஜிதன் என்று பெயர்.
"ஏன் தம்பி, குடை சிவப்பு?"
வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"நீலம் முடிஞ்சிட்டுது அக்கா.
எல்லாத்தையும் கடல் குடிச்சிட்டுது."

மத்திய வீதியில் நான்கு கடை ஏறி இறங்கினோம்.
பூப்போட்டது இருந்தது, புள்ளி போட்டது இருந்தது,
சரிகை வைத்ததுகூட இருந்தது.
வெறும் சிவப்பு ஐந்தாவது கடையில்தான்,
பள்ளிக்கூடப் பைகளுக்குப் பின்னால்.
ஆயிரத்து எண்ணூறு என்றார்.
றிஸ்மினா ஒன்றும் பேசவில்லை,
கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.
ஆயிரத்து இருநூறுக்கு விலை தானாக வந்து
அவள் பக்கத்தில் இருந்தது.

டச்பே கடற்கரையில்
வெசாக் என்பதால்
இறால் இல்லாத இறால் வடை.
குழி மட்டும் இருந்தது, இறால் படுத்திருக்கும் இடம்.
அதற்குள் சம்பலை வைத்துத் தின்றோம்.

இருட்டியதும் கூடுகள் எரிந்தன.
தாமரை மாதிரி, நட்சத்திரம் மாதிரி,
ஒன்று அப்படியே ராக்கெட் மாதிரி.
ஐஸ்கோப்பி தன்சல் வரிசையில் அரை மணித்தியாலம்.
கப்பை நீட்டிய கடற்படைப் பொடியன்
"நங்கி" என்றான் என்னை.
தங்கச்சியாம்.
எனக்கு நாற்பத்தொன்று.
றிஸ்மினா இதை ஒரு கிழமைக்கு
ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வெயிலும் இல்லை, மழையும் இல்லை,
இரவு ஏழரை.
சனத்துக்கு நடுவில் குடையை விரித்தேன்.
காற்று அந்த நிமிடமே அதை மறுபக்கம் புரட்டியது.
கம்பிகள் மேலே, துணி மேலே,
உள்ளே தெருவிளக்கு விழுந்து சிவந்தது.
"கூடு விக்கிறீங்களா?" என்று கேட்டது ஒரு குழந்தை.

நாளைக்கு மத்தியானம்
பஸ் நிலையத்தில் நிற்க வேண்டும்.
குடை இருக்கிறது.
எந்தக் காலை எடுத்து
எந்தக் காலில் வைத்திருந்தேன் என்பதுதான்
இப்போதே மறந்துவிட்டது.